நடுச்சுவரில் ஒன்பதாவது படம்

சேவலின் வாய்க்கு நேராக டெலிபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் ஒருத்தி. பட்டணத்தில் இருக்கிற மகன் நேரத்தில் எழுந்து வேலைக்குப் போக வேண்டுமாம், அதற்காக ஊரிலிருந்து சேவலைக் கூவ வைக்கிறாள். கொண்டை தலையைவிடப் பெரிது. மூக்கின் இரண்டு பக்கமும் வடை அளவுக்கு மூக்குத்தி. முன்பல் நாலும் வெளியே. சேலை ஒரு பக்கம் அவிழ்ந்து தரையைக் கூட்டுகிறது, ஏனென்றால் பட்டிக்காட்டுக்காரிக்குச் சேலை கட்டத் தெரியாது என்று படம் போட்டவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துப் படத்தில் ஒருவன் பஸ்ஸில் ஆட்டுக்கு அரை டிக்கெட் கேட்கிறான். அதற்கு அடுத்ததில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையே மூன்று வேளை கரைத்துக் குடித்துவிட்டு வந்து நிற்கிறான் இன்னொருவன். இப்படி எட்டுப் படம். என் ஒரே மகள் சிந்துவின் ஃப்ளாட்டில், ஹாலில், டிவிக்கு எதிர்ச் சுவரில், கறுப்புச் சட்டம் போட்டு நூல் பிடித்த மாதிரி மாட்டியிருக்கிறது. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் ஏதோ வாரப் பத்திரிகையில் வந்த சிரிப்புப் படங்களாம். இப்போது பெரிதாக்கி அச்சடித்து ஆன்லைனில் செட்டாக விற்கிறார்கள். பழைய காகிதத்தின் மஞ்சளையும் விடவில்லை. எவரோ எப்போதோ காப்பி டம்ளர் வைத்த வட்டம்கூட ஒரு படத்தில் அப்படியே வந்திருக்கிறது. வந்தவுடன் அதைத் துடைக்கலாம் என்று முந்தானையோடு போனேன். "ஐயோ அம்மா, அதுதான் அழகே" என்றாள் சிந்து. "இதெல்லாம் இப்ப டிரெண்டுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை சரண். பால் காய்ச்சிக் குடி வந்தது சித்திரையிலேயே முடிந்துவிட்டது. இன்றைக்கு விருந்து சுவருக்காக. சுவருக்கு விருந்து வைக்கிற காலம் வந்துவிட்டது, நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டைக் கடையில் சொல்லிவிட்டார்கள், ஒரு மணிக்கு வருமாம். மணி பன்னிரண்டு. உரிக்க ஒரு வெங்காயம் இல்லை, நறுக்க ஒரு காய் இல்லை. கைக்கு வேலை இல்லாவிட்டால் எனக்குப் புத்தி கண்ட இடத்துக்கும் போகும், அதுவும் எதிரே இப்படி எட்டுப் பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் கேட்கவா வேண்டும்.

அந்தக் கடைசி வரிசைப் படத்தை மட்டும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், கண் அங்கேதான் போகிறது. கவலை இறைக்கிற படம், மாட்டைக் கட்டிக் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுப்பார்களே அது. ஒரு குடியானவன் கவலைக் கயிற்றின் மேல் உட்கார்ந்து வாயைப் பிளந்து தூங்குகிறான், பெண்டாட்டி சோற்றுச் சட்டியோடு வருகிறாள். 'பம்புசெட் வாங்கிட்டா மாடு ரெண்டும் என்ன பண்ணும்' என்று அவன் கேட்க, 'நீங்க இப்போ பண்றதையே பண்ணும்' என்று அவள் சொல்கிறாள். சரி, சிரிப்பு இருக்கட்டும். மாடு எங்கே போகிறது? கிணற்றைப் பார்த்து மேட்டில் ஏறுகிறது, அப்படி ஏறும்போது தண்ணீர் மொள்ளுகிற சால் மேலே வருகிறதாம். ஏனுங்க ஐயா, நீங்கள் ஒரு நாளாவது ஒரு கிணற்று மேட்டில் நின்றிருக்கிறீர்களா? மாடு கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சரிவில் இறங்கினால்தான் கயிறு இழுபட்டுச் சால் மேலே வரும். பிறகு மாடு பின்னாலேயே நடந்து மேடு ஏற வேண்டும், சால் கிணற்றுக்குள் போகும். நீங்கள் போட்டபடி ஓட்டினால் பூமிக்கு ஒரு சொட்டு வராது. எங்கள் அப்பனுக்குக் காய்ச்சல் வந்த பங்குனியில் பத்து நாள் நான் ஓட்டியிருக்கிறேன், பதினொரு வயதில். அதில் ஒரு சுகமும் இல்லை. மாட்டை முன்னுக்கு ஓட்டுவது லேசு, பின்னுக்கு நடக்க வைக்கத் தொண்டை கிழிய வேண்டும். கயிற்றின் மேல் உட்கார்ந்து இறங்கித் தொடையெல்லாம் தோல் போய்விட்டது. எங்கள் தோட்டத்துக்குக் கரண்ட் வந்த அன்றைக்கு அந்தத் தண்ணீர்ச் சாலைப் பார்த்து நான் காறித் துப்பினேன். அதனால் எனக்கு அந்தக் காலம் போச்சே என்ற வருத்தமெல்லாம் கிடையாது. எனக்கு ஆத்திரம் ஒன்றே ஒன்றுதான். ஒன்றும் தெரியாதவன் தெரிந்தவனை முட்டாள் என்று வரைகிறான், அதையும் தப்பாக வரைகிறான், ஊரே அவன் பக்கம் நின்று சிரிக்கிறது. தப்பைச் சொல்லலாம் என்று சிந்துவைக் கூப்பிட்டேன். "கண்ணு, இந்த மாடு திரும்பி நிக்குது பாரு" என்றேன். "அது காமெடிதானே அம்மா" என்று சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறக்கப் போய்விட்டாள்.

எட்டுப் படம் சுற்றி இருக்க நடுவில் ஒன்பதாவது ஒன்று. அதுதான் பெரியது. அதன்மேல் பழுப்புக் காகிதம் போர்த்தி மூலையில் ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அதைத் திறக்கப் போகிறார்களாம். அதில் என்ன என்று கேட்டால் சிந்து உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடுகிறாள். என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜைப் பக்கம் நின்று சரணின் ஆபீஸ் சிநேகிதர்கள் நாலு பேரோடு பேசிக்கொண்டிருக்கிறார், ஆனால் நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்தக் காகிதத்தைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார், பிறகு மீசையைத் தடவுகிறார். அவர் மீசையைத் தடவினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கூட்டுறவு சொசைட்டியில் முப்பது வருஷம் செயலாளராக இருந்த மனுஷர், எந்தக் கூட்டத்திலும் பேச்சுக்கு முன்னால் இப்படித்தான் தடவுவார். பெயர் குழந்தைவேலு. பொள்ளாச்சி டவுன்காரர், மாட்டுக்குப் பயந்து அரைப் பர்லாங்கு தள்ளி நடக்கிறவர், அந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. காகிதத்துக்குள் என்ன இருக்கும்? குலதெய்வப் படமா? அவர்கள் கல்யாணப் போட்டோவா? கல்யாணப் போட்டோவுக்கு ஏன் என்னைப் பார்த்து மீசையைத் தடவ வேண்டும்? நான் பாட்டுக்கு இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் போன மாசம் சிந்து போனில் கேட்டது ஞாபகம் வந்தது. 'அம்மா, கல்யாணமான புதுசுல நீங்க போட்டிருந்த செருப்பு என்ன கலரும்மா?' சிவப்பு வாருடா கண்ணு, என்றேன், வெகுளியாக. 'அப்போ ரெண்டு மூக்குத்தியா ஒண்ணா?' ரெண்டு. 'பழைய போட்டோ ஒண்ணு அனுப்புங்களேன்.' அனுப்பினேன். அவள் ஏதோ ஆசையாகக் கேட்கிறாள் என்று பீரோவைக் கலைத்துத் தேடி அனுப்பினேன். அந்தப் பழுப்புக் காகிதத்தை மறுபடி பார்த்தேன். சிவப்பு வார்ச் செருப்பு. லிஃப்ட். ஒன்பதாவது படம் நான்தான்.

அந்த லிஃப்ட் கதை தெரியாத ஆள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. கல்யாண வீடு, காது குத்து, சொசைட்டி ஆண்டுவிழா, ஒருமுறை எழவு வீட்டில்கூட, பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தி போடக் காத்திருந்தபோது சொல்லியிருக்கிறார். 'எண்பத்தேழு வைகாசிங்க' என்றுதான் ஆரம்பிப்பார். 'கல்யாணமாகிப் பத்து மாசம். துணி எடுத்துக் குடுக்கலாம்னு கோயமுத்தூருல பெரிய ஜவுளிக்கடைக்குக் கூட்டிட்டுப் போனனுங்க. நாலு மாடி. லிஃப்டு. நான் உள்ள போயி நின்னு திரும்பிப் பாக்கறேன், அம்மிணி வாசல்ல செருப்பக் கழட்டி ஓரமா ஜோடி சேத்து வெச்சுட்டு, கும்புடு போடாத குறையா உள்ள வருது. சரி கேட்டுருவோம்னா கதவு மூடிருச்சு. நாலாவது மாடியில கதவு தொறந்ததும் கீழ குனிஞ்சு தேடுதுங்க. ஏனுங்க, என்ற செருப்பு இன்னும் மேல வரலீங்களான்னு கேக்குது.' இந்த இடத்தில் அவர் குரலை மாற்றுவார், பெண் குரலில், மூக்கால், சேவலுக்கு டெலிபோன் பிடிக்கிறாளே அவள் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. ஊர் சிரிக்கும். நான் அப்படிக் கேட்கவே இல்லை. அந்த வரி சிந்து பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் கதையில் நான் வாயே திறக்க மாட்டேன், சும்மா குனிந்து தேடுவேன், அவ்வளவுதான். அதற்குச் சிரிப்பு குறைந்துபோன காலத்தில் எனக்கு வசனம் எழுதினார். லிஃப்டுக்குள் ஒரு முருகன் படம் இருந்தது. அதை அவர் சொல்லவே மாட்டார். புதுக் கதம்பச் சரம், சுவரில் சந்தனப் பொட்டு, வாழைப்பழத்தில் செருகிய ஊதுபத்தி பாதி எரிந்து நின்றது. லிஃப்டு ஓட்டுகிற பெரியவர் வெறுங்காலோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாமி இருக்கிறது, பூ வைத்திருக்கிறது, காவலுக்கு இருக்கிற மனுஷரே செருப்புப் போடவில்லை, அந்த அறைக்குள் நான் செருப்புக் காலோடு போவேனா? அன்றைக்கு நான் சாமிக்கு வைத்துக்கொண்டிருந்த நேர்த்தியெல்லாம் என்னவென்று எனக்குத்தான் தெரியும். எந்தச் சாமி படத்தைக் கண்டாலும் கழற்றியிருப்பேன், நடு ரோட்டில் இருந்தாலும் கழற்றியிருப்பேன்.

"சம்மந்தி, ஏனுங் பேசாம உக்காந்துட்டீங்க?" என்று பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார் சம்பந்தியம்மா வசந்தாமணி. கையில் ஏதோ பச்சை ஜூஸ். "படமெல்லாம் பாத்தீங்களா, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே நொந்துபோச்சுங்க. அந்தக் காலத்துல ஜனங்க எத்தனை வெள்ளந்தியா இருந்திருக்காங்க பாருங்க." எந்தக் காலத்து ஜனங்கள்? இவர் ஊர் என் ஊருக்கு ஆறு மைல். கல்யாணமாகி வரும்போது இவருக்கும் லிஃப்ட் தெரிந்திருக்காது. ரைஸ்மில் வந்து, கார் வந்து, முடியைக் கத்தரித்த பிறகு இவர் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார். நான்தான் படத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டேன். "ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது. முப்பத்தெட்டு வருஷமாக நான் சொல்கிற பதில் அதுதான். ஆமாங்க. என் வீட்டுக்காரர் கதையை முடித்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள், நிஜமாவா என்று. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்து, ஆமாங்க என்பேன். அது கதையின் கடைசி வரி. அவர் பாதி சொல்கிறார், நான் முடித்துக் கொடுக்கிறேன். ஒரு நாள் நான் சிரிக்காமல் இருந்திருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும். சிரித்தேன். பெண்பிள்ளை நாலு பேர் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வீட்டு மானம் போகும் என்று சிரித்தேன். இப்போது அது பெரிதாக்கி, சட்டம் போட்டு, என் மகள் வீட்டு நடுச்சுவருக்கு வந்துவிட்டது. வாயால் சொன்னால் சொன்னதோடு போகும், வந்தவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு மறப்பார்கள். சுவரில் மாட்டினால் நான் செத்த பிறகும் தொங்கும். சிந்துவின் பேரன் பேத்திகள் கேட்பார்கள், இது யாரு, என்று. அதுவா, அது உங்கள் கொள்ளுப்பாட்டி, செருப்பைத் தேடுகிறாள்.

ஜவுளிக்கடை. இந்த வார்த்தையைத்தான் என்னால் பொறுக்க முடியாது. மற்றதெல்லாம் போகட்டும், மூக்கால் பேசியதையும் விடலாம். ஜவுளிக்கடை என்று அவர் சொல்லும்போது நான் என் நகத்தைப் பார்ப்பேன். நாங்கள் அன்றைக்கு எந்த ஜவுளிக்கடைக்கும் போகவில்லை. அது ஆஸ்பத்திரி. நாலாவது மாடியில் பிரசவம் பார்க்கிற லேடி டாக்டர். எனக்கு ஏழரை மாசம். இரண்டு நாளாக வயிற்றுக்குள் அசைவில்லை. முதல் நாள் அசதியாகத் தூங்குகிறது என்று நினைத்தேன், இரண்டாம் நாள் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன், வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டுக்கூடப் பார்த்தேன். மாமியார்தான் 'எதுக்கும் கோயமுத்தூருக்கே கூட்டிட்டுப் போ' என்றார். அந்த லிஃப்டில் ஏறும்போது என் வாய் முருகா முருகா என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது, எதிரே பார்த்தால் அவரே படமாக நிற்கிறார், செருப்பைக் கழற்றினேன். மேலே போய்க் கதவு திறந்ததும் நான் குனிந்து தேடவும் இல்லை. குனிகிற வயிறா அது? டாக்டரம்மா குழாயை வயிற்றில் வைத்தார், இடம் மாற்றி வைத்தார், இன்னொரு தரம் வைத்தார், நர்ஸிடம் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். பிறகு என் வீட்டுக்காரரை வெளியே கூப்பிட்டுப் போனார். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். திரும்பி வந்து அவர் சொன்னது, 'நாளைக்கு வந்து சேரோணுமாம், துணிமணி எடுத்துட்டு வந்தரலாம் வா.' துணிமணி. அந்தத் துணிதான் பின்னால் ஜவுளிக்கடை ஆகியிருக்க வேண்டும். கீழே வந்தால் செருப்பைக் காணோம். வைகாசி வெயில், நட்ட நடு மத்தியானம், தார் ரோடு. பஸ் நிறுத்தம் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன். முன்னால் அவர் ஷூக்காலோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் என் காலைப் பார்த்து 'என்னங்க அம்மிணி, செருப்பு எங்க' என்று கேட்டார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் முதல் தடவை அந்தக் கதையைச் சொன்னார். லிஃப்டு வாசல்ல கழட்டி வெச்சுட்டு வந்துருச்சுங்க, என்றார். கண்டக்டர் சிரித்தார். அவரும் சிரித்தார். செத்த பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு ஆம்பிளைகள் சிரிக்கிறார்கள்.

அன்றைக்கு நான் மன்னித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. மனுஷனுக்கு இருபத்தாறு வயது, என்ன செய்வதென்று தெரியவில்லை, சிரித்தால்தான் உட்கார முடிகிறது போலிருக்கிறது, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். வீட்டுக்கு வந்தால் மாமியார் வாசலிலேயே நின்று டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கிறார், இவர் செருப்புக் கதையை ஆரம்பிக்கிறார். கிழவிக்குக் கோபம் வந்து திட்டியது, பிறகு அதற்கும் சிரிப்பு வந்தது, நானும் சிரித்தேன். மூன்று பேரும் நடையில் நின்று சிரித்தோம். அதற்குப் பிறகுதான் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது என்று டாக்டர் சொன்னதை எங்கள் இரண்டு பேருக்கும் சொன்னார். மூன்றாம் நாள் பிறந்தது. பிறந்தது என்று சொல்லலாமோ கூடாதோ. ஆண் குழந்தை என்று ஆயா சொன்னாள். காட்டச் சொன்னேன். காட்டவில்லை. 'பாத்தா மறக்க மாட்டே, வேண்டாம்' என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டில் சுற்றி என் வீட்டுக்காரரும் அவர் மாமனும் கொண்டுபோனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஐந்து வருஷம் கழித்துச் சிந்து பிறந்தாள். அதற்குள் கதை ஆஸ்பத்திரியிலிருந்து ஜவுளிக்கடைக்கு மாறியிருந்தது. முதல் தடவை மாறியது ஒரு கல்யாண வீட்டில். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். கண்ணைக் காட்டுவார், இதற்குமேல் சொல்லாதே என்று ஜாடை செய்வார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சரி, நல்ல காரியம் நடக்கிற இடம், மாற்றிச் சொல்கிறார் என்று அதையும் விட்டேன். விட்டு விட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறது. அவர் வேறு எப்படிச் சமாளித்திருப்பார் என்று எனக்கு நானே நியாயம் பேசிய நாளெல்லாம் உண்டு. இனிப் பேச முடியாது. சமாளிக்கிறவன் ஒரு தரம் சமாளிப்பான், பத்துத் தரம் சமாளிப்பான். மீசையைத் தடவிக்கொண்டு அதைப் படமாகப் போடச் சொல்ல மாட்டான்.

எழுந்து போய்விடலாமா. தலைவலி என்று உள் அறையில் படுத்துக்கொண்டால் திறந்து முடித்துவிடுவார்கள், பிறகு வந்து சாப்பிடலாம். ஆனால் நான் இல்லாமல் திறக்க மாட்டார்கள். நான்தானே சிரித்து முடித்துக் கொடுக்க வேண்டும். ஆபீஸ் பிள்ளைகளில் ஒருத்தி போனை எடுத்து வீடியோவுக்கு வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள். எல்லோர் முன்னாலும் நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? நல்ல நாளும் அதுவுமாக அழுகையைக் கொண்டுவந்தாள் என்பார்கள். சிந்துவின் முகம் சுண்டிப்போகும். அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்றே தெரியாது. அவளுடைய முப்பத்து மூன்று வயதில் சம்பந்தி வீட்டார் முன்னால், புதுச் சுவருக்கு எதிரே அதைச் சொல்வதா? தனியாகச் சொல்லலாம். எப்போது? இவ்வளவு வருஷம் தனியாக இருக்கும்போது சொன்னேனா? அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிறது. அம்மாவுக்கு ஆசையாகச் செய்கிறாள், ஆனால் அம்மாவை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை, அப்பாவைத்தான் கேட்டாள். செருப்பின் நிறம் மட்டும் என்னிடம் கேட்டாள். என் கால் குளிர்ந்து கிடக்கிறது, இந்த வீட்டு டைல்ஸ் அப்படி. எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், எழவில்லை.

"சாப்பாடு கீழ கேட்டுக்கு வந்துருச்சாம், மேல வர்றதுக்குள்ள தொறந்தரலாம்" என்றார் சரண். சிந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினாள். "அம்மா, வாங்க. நீங்கதான் பிரிக்கோணும்." அவள் கண் அப்படி மின்னுகிறது. போனேன். காகிதத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தேன், ஒரே இழுப்பில் வந்துவிட்டது. நான்தான். போட்டோவில் இருந்த இருபது வயது முகத்தை எடுத்து அதன்மேல் வடை மூக்குத்தி வைத்திருக்கிறார்கள். முன்பல் வெளியே. எனக்கு எந்தக் காலத்திலும் பல் வெளியே இருந்ததில்லை. கூண்டு மாதிரி லிஃப்ட், கோட்டுப் போட்ட அழகான ஆம்பிளை தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான், நான் வெறுங்காலோடு குனிந்து தரையில் தேடுகிறேன், வயிறு ஒட்டிப் போயிருக்கிறது. கீழே பழைய எழுத்தில், 'ஏனுங்க, என்ற செருப்பு இன்னும் மேல வரலீங்களா?' இதற்கும் பழைய மஞ்சள் அடித்திருக்கிறார்கள். சிரிப்பு கிளம்பியது. "அப்படியே சம்மந்தியேதானுங்க" என்று வசந்தாமணி கையைத் தட்டினார். "ஆன்ட்டி, நிஜமாவா?" என்று போன் வைத்திருந்த பெண் என் முகத்துக்கு நேரே வந்தாள். என் வீட்டுக்காரர் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

"எண்பத்தேழு வைகாசிங்க தம்பி. கல்யாணமாகிப் பத்து மாசம். துணி எடுத்துக் குடுக்கலாம்னு கோயமுத்தூருல பெரிய ஜவுளிக்கடைக்கு..."

"என்ன துணிங்க எடுத்தோம்?" என்றேன்.

"என்னது?"

"துணி எடுக்கப் போனோம்னீங்களே. என்ன எடுத்துட்டு வந்தோமுங்க?"

அவர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. "சேலை" என்றார், பிறகு "ஒரு சேலைதான் எடுத்தோம்" என்றார். "என்ன கலருங்க?" என்றேன். என்னை நேராகப் பார்த்து யோசித்தார். ஒளிக்கவில்லை, நிஜமாகவே தேடினார். மனுஷர் அந்தச் சேலையை உள்ளுக்குள் தேடுகிறார், அது கிடைக்கும் என்றே நினைக்கிறார், எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவர் பொய் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டார், நம்ப ஆரம்பித்துவிட்டார். பிறகு தேடுவது நின்றது. அவர் முகத்தில் நின்றதை நான் பார்த்தேன்.

"அது ஜவுளிக்கடை இல்ல கண்ணு" என்று சிந்துவிடம் சொன்னேன். குரல் எனக்கே சாதாரணமாக இருந்தது. "ஆஸ்பத்திரி. உனக்கு முந்தி ஒரு பையன். ஏழரை மாசம், வயித்துக்குள்ளயே போயிட்டான். அதைக் கேட்டுட்டு வந்த அன்னிக்குத்தான் இந்தச் செருப்பு காணாமப் போச்சு. இதுல என்ற வயித்தை ஒட்டப் போட்டிருக்காங்க, அது தப்பு."

போன் வைத்திருந்த பெண் கையைக் கீழே இறக்கினாள். வசந்தாமணி "நல்ல நாளு..." என்று ஆரம்பித்துச் சரண் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். சிந்து அப்பாவைப் பார்த்தாள். "அப்பா?" என்றாள்.

அவர் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தார். "முடியல துளசி" என்றார் என்னைப் பார்த்து. "அதைச் சொல்லலாம்னு வாயைத் தொறந்தா இதுதான் வந்துச்சு. பொறகு இது மட்டும்தான் வந்துச்சு."

"ஊருக்குச் சொல்ல வேண்டாமுங்க. எங்கிட்ட ஒரு நாள் பேசியிருக்கலாம். ரெண்டு பேருக்கும்தான அவன் மகன்?"

அழைப்பு மணி அடித்தது. சாப்பாடு. யாரும் கதவுப் பக்கம் போகவில்லை, இரண்டாம் தடவையும் அடித்து ஓய்ந்தது. அவர் கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தலை நெறைய முடி" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. "துண்டுல சுத்திக் குடுத்தாங்க. மாமன் குழி வெட்ட மம்பட்டியோட முன்னால போயிட்டாரு. நான் வெலக்கிப் பாத்தேன். கருகருன்னு, நெத்தி வரைக்கும். உன்ற முடிதான்."

என்னிடம் காட்டாத முகத்தைப் பார்த்தவர் முப்பத்தெட்டு வருஷமாக என் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறார். என் கோபம் இம்மியும் குறையவில்லை. இன்னும் ஏறியது. அவர் எதிரே போய் நின்றேன்.

"நிறுத்தாதீங்க" என்றேன். "மூக்கு யாரு மாதிரி இருந்துச்சு? சொல்லுங்க."